முனகல் எங்கிருந்து வருகிறது?

செட்டியார்பட்டியில் ஒரே மாடிப்படியையும் ஒரே தண்ணீர்த் தொட்டியையும் பொதுவில் வைத்துக்கொண்டு ஒரே கட்டிடத்தில் வாழ்ந்துவரும் அன்பர்களுக்கும், தாய்மார்களுக்கும், கீழ்த்தளத்தில் தையற்கூடம் நடத்திவரும் அண்ணாச்சி அவர்களுக்கும், மேல்மாடியில் குடியிருப்பவன் எழுதும் திறந்த மடல்.



ஊர் அடங்கிய பிறகு நம் கட்டிடத்தில் தாழ்ந்த ஸ்தாயியில் ஒரு முனகல் எழுகிறது என்பதும், விடியும்வரை அது ஓய்வதில்லை என்பதும், அது புறப்படும் இடத்தை எவராலும் உறுதியாகச் சுட்டிக்காட்ட முடியவில்லை என்பதும் உங்களில் அநேகருக்குத் தெரிந்த செய்திகளே. ஆயினும் இவ்விஷயம் மாடிப்படியிலும் குழாயடியிலும் இருவர் இருவராகக் கூடித் தாழ்ந்த குரலில் பேசப்பட்டு வந்திருக்கிறதேயன்றி, எல்லோரும் ஒருங்கே இருக்கும்போது ஒருமுறையேனும் பிரஸ்தாபிக்கப்படவில்லை. மறைவில் பேசப்படும் குறை நாளடைவில் சந்தேகமாகவும், சந்தேகம் விரோதமாகவும் மாறிவிடுவது உலக இயல்பாகையால், ஒருவருக்குச் சொல்வதை எல்லோருக்கும் சொல்லிவிடுவோம் என்ற எண்ணத்துடன், நாம் யாவரும் அன்றாடம் கைவைக்கும் இடமாகிய மோட்டார் சுவிட்சுப் பலகைக்கு அருகில் இம்மடலை ஒட்டிவைக்கிறேன்.

இம்முனகலைப் பொறுத்தவரை நாம் மூன்று கட்சிகளாகப் பிரிந்திருக்கிறோம். கேட்கிறது என்பவர்கள் ஒரு கட்சி; தங்களுக்குக் கேட்கவில்லை, ஆகவே அப்படி ஒன்று இல்லை என்பவர்கள் மற்றொரு கட்சி; கேட்கிறதோ இல்லையோ, அதற்குக் காரணம் இன்னார்தான் என்று தீர்ப்பே எழுதிவிட்டவர்கள் மூன்றாம் கட்சி. முதன்முதலில் இதைக் கேட்டுச் சொன்ன பாட்டியம்மாளுக்கு வயதின் காரணமாகச் செவியில் கோளாறு என்று இரண்டாம் கட்சியார் முடிவு கட்டினார்கள். தையல் மெஷின்களைத் தவிர வேறெதுவும் இப்படி இரையாது என்று மூன்றாம் கட்சியார் அண்ணாச்சியின்மீது பழியைச் சுமத்தினார்கள். இரவு ஒன்பது மணிக்கெல்லாம் மெஷின்கள் நிறுத்தப்பட்டுத் தையற்கூடம் பூட்டப்பட்டுவிடுகிறது என்ற பிரத்தியட்ச உண்மைகூட அவர்களுடைய தீர்ப்பை அசைக்கவில்லை. இரு கட்சியாருக்கும் நான் விண்ணப்பித்துக்கொள்வது ஒன்றே: கேட்டவரை நம்புங்கள், ஆளைத் தேடுவதை விட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

யந்திர ஓசை நமக்குப் புதியதன்று. 1936-ஆம் ஆண்டில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லைத் தோற்றுவித்த காலந்தொட்டு இவ்வட்டாரம் பஞ்சாலைச் சங்கையும் கதிர்களின் சுழற்சியையும் கேட்டே உறங்கி விழித்திருக்கிறது. சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணியை நெய்யும் விசைத்தறிகளும், தளவாய்புரத்திலும் நம் ஊரிலும் நைட்டி தைக்கும் மோட்டார் மெஷின்களும் பகலெல்லாம் ஓய்வதில்லை. தறிச் சப்தத்தின் நடுவே தொட்டிலில் குழந்தை அயர்ந்து உறங்கும் ஊரில், காதைத் தீட்டிக்கொண்டால் மட்டுமே கேட்கக்கூடிய ஒரு மெல்லிய முனகல் வளர்ந்தவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது விந்தையாகத் தோன்றலாம். தறியின் ஓசைக்கு இடமும் உண்டு, நேரமும் உண்டு, அதனால் சோறு உண்ணும் குடும்பமும் உண்டு. இன்னதென்று தெரிந்த ஓசையை மனம் ஒதுக்கி வைத்துவிடுகிறது. இடமும் காரணமும் தெரியாத ஓசையையோ, அது தெரியும்வரை, மனம் விடாமல் துருவிக்கொண்டே இருக்கிறது. உறக்கத்துக்கு இடையூறாவது பெரும்பாலும் இந்தத் துருவல்தான்.

ஒருவருக்குக் கேட்பது மற்றவருக்குக் கேட்காமல் போவதற்குத் தக்க காரணம் பௌதிக சாஸ்திரத்தில் இருக்கிறது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகளாகப் பாய்வது. டிரான்ஸ்பார்மர், ஸ்டெபிலைசர், பழைய குழல்விளக்கின் சோக்கு ஆகியவற்றின் உள்ளே அடுக்கப்பட்டிருக்கும் இரும்புத் தகடுகள் ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை காந்தமேறுவதாலும், காந்தமேறும்போதெல்லாம் கண்ணுக்குப் புலனாகாத அளவில் உருமாறி மீள்வதாலும், விநாடிக்கு 100 அதிர்வுகள் கொண்ட ஓர் ஒலி அவற்றிலிருந்து பிறக்கிறது. நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2,880 சுற்றுச் சுற்றும் தண்ணீர் மோட்டாரோ, தன் சுழற்சியினால் விநாடிக்கு 48 அதிர்வுகளை எழுப்புகிறது. இத்தகைய தாழ்ந்த ஒலியின் ஓர் அலை காற்றில் சுமார் ஏழு மீட்டர் நீளமுள்ளது. அதில் பாதி ஏறத்தாழ 11 அல்லது 12 அடி. நம்முடைய படுக்கையறைகளின் நீளமும் கிட்டத்தட்ட அதுவே. அரை அலை அறைக்குள் கச்சிதமாக அடங்கிவிடும்போது, சுவரோரத்தில் ஒலி ஓங்கியும் அறையின் நடுவில் ஏறக்குறைய இல்லாமலும் போய்விடுகிறது. சுவரை ஒட்டிக் கட்டில் போட்டிருக்கும் பாட்டியம்மாளுக்கு நன்கு கேட்டதும், அதே அறையின் நடுவில் நின்று செவிகொடுத்த அவருடைய மகனுக்குக் கேட்காததும் இதனாலேயே இருக்கலாம். இருவரும் மெய்யே சொன்னார்கள். நின்ற இடம் வேறாகையால் கேட்டதும் வேறாயிற்று.

திசையைப் பற்றி நம் செவி சொல்லும் சாட்சியமோ இதைக் காட்டிலும் நம்பத்தகாதது. ஓர் ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை இரு செவிகளுக்கும் அது எட்டுவதில் உண்டாகும் வேறுபாட்டைக் கொண்டே நாம் அறிகிறோம். ஏழு மீட்டர் நீளமுள்ள அலைக்கு முன் நம் தலையின் அகலம் ஒரு பொருட்டே அன்றாகையால், அவ்வேறுபாடு மிகச் சிறியதாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, ஒலி காற்றின் வழியே மட்டும் வருவதில்லை. தூண், தளம், இரும்புக் குழாய், கம்பி ஆகிய திடப்பொருள்களின் வழியே ஊர்ந்து சென்று, புறப்பட்ட இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சுவரை அதிரச் செய்து, அச்சுவரே மூலஸ்தானம் என்று நம்மை மயக்கிவிடுகிறது. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலில், ஒரே கல்லில் வடித்தெடுத்த இசைத்தூண் கொத்தில் ஒன்றைத் தட்டினால் அருகிலுள்ள தூண்களும் உடன் அதிர்வதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன், இலண்டன் செயிண்ட் பால் தேவாலயத்தின் விதானத்திலும் பீஜப்பூர் கோல் கும்பஸிலும், ஓரிடத்தில் மெல்ல முணுமுணுத்த சொல் சுவரைத் தழுவிச் சென்று எதிர்ப்புறத்தில் தெளிவாகக் கேட்கும் விந்தையை 1920-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார். கட்டிடம் என்பது ஒலியை இடம்மாற்றிக் காட்டவல்ல ஒரு வாத்தியம். அதன் ஒரு மூலையில் கேட்பதைக்கொண்டு அம்மூலையில் இருப்பவரைக் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது.

இரவில் மட்டும் ஏன் கேட்கிறது என்ற வினாவுக்கும் விடை உண்டு. பகலின் ஆரவாரத்தில் மூழ்கிக் கிடந்த ஒலி, ஆரவாரம் வடிந்ததும் மேலெழுகிறது. தெளிந்த இரவில் நிலம் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று மேற்காற்றைவிடத் தண்மையடையும்போது, வானோக்கிச் செல்லவேண்டிய ஒலி வளைந்து மீண்டும் தரைக்கே வருவதால், தொலைவிலுள்ள ஆலையின் ஓசையும் அண்மையில் கேட்பதுபோல் வந்துசேர்கிறது. அன்றியும், நள்ளிரவில் மின்சாரச் செலவு குறைந்து வோல்டேஜ் உயர்வதால், டிரான்ஸ்பார்மரின் இரைச்சலும் சற்றே வலுப்பெறக்கூடும். ஆகவே, பகலில் நின்று சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்வது சோதனையாகாது.

இத்தகைய தொல்லை நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்திலுள்ள சாசலிட்டோ என்ற ஊரில், படகுகளையே வீடாக்கிக்கொண்டு அடுத்தடுத்து வாழ்ந்த மக்கள், 1980-களில், கோடைகால இரவுதோறும் தங்கள் படகின் அடித்தளம் முழுவதும் இரையும் ஓர் ஒலியால் உறக்கமிழந்தார்கள். கழிவுநீர் இறைக்கும் பம்பு என்றார் ஒருவர். மின்சாரக் கம்பி என்றார் இன்னொருவர். கடற்படையின் இரகசியப் பரிசோதனை என்று வதந்தியும் பரவிற்று. இறுதியில், அடிக்கடலிலிருந்து கரையோரத்துக்கு இனப்பெருக்கத்தின்பொருட்டு வரும் ஒருவகை ஆண் மீன்கள், பெண் மீன்களை அழைப்பதற்காகத் தம் காற்றுப்பையை அதிரச்செய்து எழுப்பும் ஒலியே அது என்பது தெரியவந்தது. சந்தேகத்துக்குள்ளான மனிதர்களில் ஒருவரேனும் குற்றவாளி அல்லர்.

தமிழ்மக்கள் வாழும் மட்டக்களப்பில் இதன் மறுபக்கத்தைக் காண்கிறோம். அங்குள்ள வாவியில், கல்லடிப் பாலத்துக்கு அருகே, நிலவுக் காலத்து இரவுகளில் நீரின் அடியிலிருந்து நரம்புக் கருவியின் நாதம் போன்ற ஓர் ஒலி எழுவதாக நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. 1848-இல் அங்கு சென்ற எமர்சன் டெனன்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, அவ்வொலியைத் தாமே செவியாரக் கேட்டு, மீனவர்கள் சொன்னதையொட்டி, அது நீரடியில் வாழும் ஊரி என்னும் ஓட்டுயிரியின் ஒலியாக இருக்கக்கூடும் என்று எழுதிவைத்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயேசு சபைத் துறவியாகிய லாங் அடிகளார் அவ்வொலியைப் பதிவுசெய்ய, இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. மீனா, ஊரியா என்ற விவாதம் இன்றும் முற்றுப்பெறவில்லை. ஆயினும் அவ்வூர் மக்கள் அவ்வொலியைக் காரணமாகக் கொண்டு ஒருவரையொருவர் பகைத்துக்கொள்ளவில்லை. தங்கள் நாட்டையே மீன்பாடும் தேன்நாடு என்று பெருமையோடு அழைத்துக்கொண்டார்கள். அவ்வொலியைக் கேட்க விரும்பும் படகோட்டி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் காதை வைத்துக் கேட்பான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த உபாயம் நமக்குப் பின்னால் உதவும்.

யந்திரமே காரணமாயிருந்த இடங்களும் உண்டு. அமெரிக்காவின் கோகோமோ நகரில் மக்கள் நெடுநாள் முறையிட்டதன்பேரில், நகராட்சி நியமித்த ஒலியியல் நிபுணர் 2003-இல் இரண்டு மூலங்களைக் கண்டறிந்தார். ஓர் ஆலையின் குளிர்விப்புக் கோபுர விசிறி விநாடிக்கு 36 அதிர்வுகளையும், மற்றோர் ஆலையின் காற்றழுத்தி 10 அதிர்வுகளையும் எழுப்பிக்கொண்டிருந்தன. அவற்றைச் சீர்செய்த பிறகும் சிலருக்கு ஒலி கேட்டுக்கொண்டே இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கனடாவின் வின்ட்சர் நகரத்தாரை 2011 முதல் வருத்திய முனகலோ, ஆற்றுக்கு அக்கரையிலிருந்த உருக்காலையின் ஊதுலைகள் 2020-இல் நிறுத்தப்பட்டபோது தானும் நின்றுபோயிற்று. ஆண்டுக்கணக்கில் நடந்த ஆராய்ச்சியைக் காட்டிலும், யந்திரத்தை நிறுத்தியதும் ஒலி நின்றது என்ற ஒரே உண்மை ஐயத்தை அதிகமாகத் தீர்த்தது. மூலம் ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கலாம் என்பதும், நிறுத்திப் பார்ப்பதே தலைசிறந்த சோதனை என்பதும் இவ்விரு ஊர்களிலிருந்து நாம் பெறும் பாடங்கள்.

அந்தச் சோதனையை நமக்குச் செலவின்றி நடத்திக்கொடுக்க மின்வாரியமே இருக்கிறது. பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளைப் பத்திரிகையில் முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். அன்று கரண்ட் போகுமுன்பே சுவரில் காதை வைத்து, பகலின் ஆரவாரத்தையும் மீறி முனகல் கேட்கிறது என்று உறுதிசெய்துகொண்டு, கரண்ட் போகும் கணத்தைக் கவனிக்க வேண்டும். முனகல் அக்கணமே நின்றால், அது வாரியத்தின் மின்சாரத்தை உண்டு வாழ்வது என்பது உறுதி. நிற்காவிட்டால் இன்வெர்ட்டரையோ, செல்போன் கோபுரத்தின் ஜெனரேட்டரையோ, சன்ஷேடின் அடியில் கூடுகட்டியிருக்கும் தேனீக்களையோ ஆராயலாம். இதில் ஓர் எச்சரிக்கை: மலிவான இன்வெர்ட்டர்களில் ஓடும்போது மின்விசிறிகள் வேறொரு சுருதியில் இரையத் தொடங்கும்; ஆகையால் அவற்றையும் அணைத்துவிட்டே செவிகொடுக்க வேண்டும்.

மின்சாரம்தான் என்று தெரிந்தபின், ஓர் இரவில் நாமே முறையாகச் சோதிக்கலாம். ஒவ்வொரு வீட்டின் மெயின் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் ஐந்து நிமிஷ இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக அணைத்துக்கொண்டே வருவோம். பொது மோட்டாரையும், மாடிப்படி விளக்கையும், தையற்கூடத்தையும் வீடுகளோடு வீடாகவே எண்ணிக்கொள்வோம். பாட்டியம்மாள் தம் கட்டிலிலேயே இருந்து, ஒலி நின்ற கணத்தைச் சொல்லட்டும். எவர் வீட்டுச் சுவிட்சு அணைக்கப்படுகிறது என்பதை அவருக்குத் தெரிவிக்க வேண்டாம். தெரியாமல் சொல்லும் சாட்சியத்தில் விருப்பு வெறுப்புக்கு இடமிராது. முனகல் ஒரே சீராக இல்லாமல் ஏறி இறங்கி விம்முமானால், ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றும் இரண்டு யந்திரங்கள் ஒருங்கே ஓடுகின்றன என்று கொள்ளலாம். விநாடிக்கு 48 அதிர்வும் 49 அதிர்வும் கலந்தால், விநாடிக்கு ஒருமுறை ஒலி ஓங்கித் தணியும். அப்போது ஒன்றை அணைத்தால் விம்மல் நிற்கும், முனகல் நிற்காது.

வீடு தெரிந்த பிறகு பொருளைக் கண்டுபிடிப்பது எளிது. மெக்கானிக்குகள் நீண்ட திருப்புளியின் நுனியை யந்திரத்தின் உடலில் ஊன்றிக் கைப்பிடியைக் காதோடு சேர்த்து உள்ளே நடப்பதைக் கேட்பார்கள். மட்டக்களப்புப் படகோட்டியின் துடுப்பு செய்யும் வேலையும் அதுவே. சுழலும் பாகத்தையும் மின்கம்பியையும் நெருங்காமல் இதைச் செய்ய வேண்டும். பொதுச்சுவரில் திருகப்பட்ட ஸ்டெபிலைசர், சுவரை முட்டிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜ், தளத்தில் நேரே போல்ட் போட்டு இறுக்கிய மோட்டார், மிதவை வால்வு கெட்டதனால் இரவெல்லாம் ஓடும் பம்பு ஆகியவையே பெரும்பாலும் அகப்படும். பரிகாரமும் பெரிதன்று: மோட்டாரின் அடியில் தடித்த ரப்பர், மோட்டாருக்கும் இரும்புக் குழாய்க்கும் இடையில் ஒரு முழம் ஹோஸ், குழாயைச் சுவரோடு பிணைக்கும் கிளாம்பில் ரப்பர்ப் பட்டை, தளர்ந்த திருகுகளுக்கு ஓர் இறுக்கு. காரணம் தெருமுனை டிரான்ஸ்பார்மராக இருக்குமாயின், எல்லோரும் கையொப்பமிட்டு வாரிய அலுவலகத்துக்கு ஒரு மனுக் கொடுக்கலாம்.

எல்லா யந்திரங்களையும் நிறுத்திய பிறகும் ஒருவருக்கு ஒலி கேட்டுக்கொண்டிருந்தால், வயற்காட்டிலோ உறவினர் ஊரிலோ தங்கும்போதும் அது கூடவே வருகிறதா என்று அவர் கவனிக்கட்டும். வருமாயின், அது காதிரைச்சல் என்னும் உபாதை, மருத்துவரிடம் காட்டவேண்டியது. அது நகைப்புக்குரியதன்று, வெளியிலிருந்து வரும் ஓசையினும் அதிகமாகத் துன்புறுத்துவது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55, இரவு பத்து மணிமுதல் காலை ஆறுமணிவரை 45 டெசிபல் என்று வரம்பு வகுத்திருக்கின்றன. ஆனால் அவ்விதிகள் கொண்டிருக்கும் அளவுமுறை மனிதச் செவியின் கூர்மைக்கேற்பத் திருத்தப்பட்டதாகையால், 50 அதிர்வுள்ள ஒலியின் அளவில் ஏறக்குறைய 30 டெசிபலைக் கழித்துவிடுகிறது. கருவி வரம்புக்கு உட்பட்டது என்று காட்டும் ஒலி, தூங்க முயல்பவருக்கு வரம்பு மீறியதாகவே இருக்கக்கூடும். மேலும், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குபவர்கள் நீதிமன்றத்தில் எதிரெதிராக நின்றபின், ஒலி அடங்கினாலும் மனம் அடங்காது. சட்டத்தைக் கடைசிப் புகலாக வைத்துக்கொண்டு, நம்மால் இயன்றதை முதலில் செய்வோம்.

ஆகவே உங்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்: வரும் ஞாயிற்றுக்கிழமை இரவு பதினோரு மணிக்கு, வீட்டுக்கு ஒருவராக மீட்டர்ப் பெட்டியருகே கூடுங்கள். மின்சாரத்தால் இயங்கும் மருத்துவக் கருவி எவர் வீட்டிலேனும் இருந்தால் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். அந்த வீட்டைத் தொட வேண்டாம். அண்ணாச்சி அவர்கள் தையற்கூடத்தின் சாவியுடன் வருவதாக இசைந்திருக்கிறார்கள். பழி சுமந்தவரே முதலில் முன்வந்திருக்கையில், மற்றவர்கள் பின்வாங்குவது அழகன்று. காரணம் எவர் வீட்டில் அகப்பட்டாலும் அதைச் சீர்செய்யும் செலவைப் பொதுப் பராமரிப்புக் கணக்கிலிருந்தே கொடுப்போம் என்று கூடும்போதே முடிவு செய்துகொள்வோமாயின், எவரும் தம் வீட்டுச் சுவிட்சை அணைக்க அஞ்சமாட்டார்.

இங்ஙனம்,
உங்கள் அன்புள்ள,
மேல்மாடியில் குடியிருப்பவன்